மேல் ஸாவில் தொண்டை இறுகுகிறது, குரல் மூக்குக்குப் போய்விடுகிறது (அவசரம்)

சந்திமுக்கு:
வணக்கம். பாட்டுக் கற்று வருகிறேன். கீழே பாடும்போது குரல் கனமாக, நன்றாகவே இருக்கிறது. ஸ ரி க ம ப த நி தாண்டி வரும் மேல் ஸாவை நெருங்கியதும் தொண்டை இறுகுகிறது. அதையும் தாண்டினால் மூக்கால் பாடுவதுபோல மெலிந்து வருகிறது. பதிவு செய்து கேட்டால் என் குரல் என்றே தோன்றவில்லை. குரலை எங்கே வைத்துப் பாட வேண்டும்? ஒருவர் முகத்தில் என்கிறார், ஒருவர் நெஞ்சில் என்கிறார், இன்னொருவர் வயிற்றில் என்கிறார். ஊர்க்கோயில் கொடை விழாவில் பாட ஒப்புக்கொண்டுவிட்டேன். விரைவாகச் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை:
என்ன சுருதி, அதாவது ஸாவை எந்த உயரத்தில் வைத்துப் பாடுகிறீர்கள்? வயது? ஆணா, பெண்ணா? யாரிடம் கற்கிறீர்கள்? இவை தெரியாமல் என்ன சொல்வது?

கருப்பட்டிக்காப்பி:
எல்லாம் உடல் சூடு. இரவில் பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடியுங்கள். அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். ஐஸ் தண்ணீரை விட்டுவிடுங்கள். என் மாமா அறுபது வயதைத் தாண்டியும் இதை வைத்தே பஜனை பாடுகிறார்.

பாளை ஆல்ட்டோ:
அண்ணாச்சி, குடிப்பது உணவுக்குழாய் வழியாகப் போகிறது. குரல்நாண்கள் மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கின்றன. பால் அவற்றைத் தொட்டால் புரையேறிவிடும். தொண்டைக்கு இதமாக இருக்கும், அதை மறுக்கவில்லை. மேல் ஸா அதனால் வராது.

வள்ளியூர் வாத்தியார்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கும் பழக்கம் இந்தத் தலைமுறைக்குக் கிடையாது. சரளி வரிசை என்ற தொடக்கப் பாடம் முடியும் முன்பே கீர்த்தனை வேண்டும், கீர்த்தனை முடியும் முன்பே மேடை வேண்டும். விடியலில் மாயாமாளவகௌளை ராகத்தில் அகார சாதகம் (ஸ்வரங்களை ‘ஆ’ என்றே பாடிப் பழகுவது) செய்யுங்கள், நாபியிலிருந்து. நாபி, இதயம், கண்டம், நாக்கு, மூக்கு என்று நாதம் ஒளிரும் இடங்களைத் தியாகராஜரே ஒரு கீர்த்தனையில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பாளை ஆல்ட்டோ:
ஐயா, அந்த வரிசையில் மூக்கும் இருக்கிறதே. இவர் புலம்புவதே மூக்கைப் பற்றித்தான்.

சந்திமுக்கு, ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களுக்குச் சிக்கல் தரும் ஸ்வரத்தில் நீளமாக ‘ஆ’ பிடியுங்கள். நடுவில் மூக்கை விரல்களால் மூடித் திறங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கு வழியாக ஒழுகுகிறது, அதாவது அண்ணத்தின் பின்பகுதி தொங்கிக் கிடக்கிறது. மாறவில்லையென்றால் அது மூக்கொலியே அல்ல. குரல்வளை மேலேறித் தொண்டை குறுகியதால் வரும் ஒல்லியான ஒலி. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். ‘ம’, ‘ந’, ‘ங’ மூன்றும் மூக்கில்தான் பிறக்கும், அவற்றை வைத்துச் சோதிக்காதீர்கள்.

காற்று ஒழுகினால் ‘ங்ங்’ என்று பிடித்து அப்படியே ‘ஆ’வுக்குத் திறந்து பழகுங்கள். கொட்டாவி தொடங்கும்போது அண்ணம் எழும் அல்லவா, அதே எழுச்சி அங்கே தெரியும். இறுக்கம் என்றால், ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை ஆழம் விட்டு, குமிழி சீராக வருமாறு ‘ஊ’ என்று ஸ்வரங்களில் ஏறி இறங்குங்கள். வாய்ப்பக்கம் அழுத்தம் கூடுவதால் நாண்கள் ஒன்றையொன்று மோதும் வேகம் குறையும். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் பயிற்சிக்கு முன் எல்லாரும் இதைத்தான் செய்கிறோம்.

முகம், நெஞ்சு என்று சொல்வதெல்லாம் அதிர்வை உணரும் இடங்கள். ஒலி பிறப்பது குரல்வளையில், உருவம் பெறுவது தொண்டையிலும் வாயிலும். சரியாகப் பாடினால் முகத்தில் அதிர்வு தெரியும். முகத்துக்குத் தள்ளினால் தொண்டைதான் இறுகும்.

சந்திமுக்கு:
நன்றி. வயது 23. சுருதி ஐந்து கட்டை. ஆசிரியர் இல்லை, காணொளி பார்த்துப் பழகுகிறேன்.

ஆற்றங்கரை:
ஆணா, பெண்ணா? இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்.

சந்திமுக்கு:
ஆண். காணொளியில் சொல்லித் தருபவர் ஒரு அம்மா. அவருடைய சுருதியிலேயே கூடப் பாடுகிறேன்.

ஆற்றங்கரை:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மிளகுப் பால் மிஞ்சியிருக்கும்.

தம்பி, கட்டை என்பது ஆர்மோனியக் கட்டைகளை எண்ணிச் சொல்லும் சுருதி அளவு. ஐந்து கட்டை பெண்களுக்கு வழக்கமான சுருதி. நடு ஸா ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ், மேல் ஸா 392. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரைக் கட்டைக்குள் பாடுவார்கள். ஒரு கட்டையில் நடு ஸா 131, மேல் ஸா 262. இப்போது கணக்குப் பாருங்கள்: நீங்கள் எட்டிப் பிடிக்கும் 392 என்பது ஒரு கட்டையில் பாடுபவரின் தாரஸ்தாயிப் பஞ்சமம், அதாவது மேல் ஸாவையும் தாண்டி வரும் ‘ப’. தேர்ந்த வித்வான்களே கச்சேரியில் அங்கே எப்போதாவதுதான் தொட்டு இறங்குவார்கள். நீங்கள் சரளி வரிசையின் ஒவ்வொரு வரியிலும் அங்கே போய் நிற்கிறீர்கள். தொண்டை இறுகாமல் என்ன செய்யும்? அதே ஐந்து கட்டையை ஒரு ஸ்தாயி (ஏழு ஸ்வர அடுக்கு) கீழே வைத்தால் நடு ஸா 98க்கு இறங்கிவிடும். அதுவும் உங்களுக்கு உதவாது.

சுருதிப் பெட்டியை ஒன்றரைக் கட்டையில் வையுங்கள். கீழே மந்தரப் பஞ்சமம் (நடு ஸாவுக்குக் கீழே உள்ள ‘ப’) காற்றாகப் போகாமல் வர வேண்டும், மேலே தார காந்தாரம் (மேல் ஸாவுக்கு மேலே உள்ள ‘க’) கத்தாமல் வர வேண்டும். இரண்டும் அமையும் இடம்தான் உங்கள் சுருதி. காணொளியை ஸ்வரக் கோவைக்கு மட்டும் பாருங்கள், கூடவே பாடாதீர்கள்.

பதிவில் குரல் வேறாகக் கேட்பது எல்லாருக்கும் உள்ளது. நம் குரலை நாம் எலும்பின் வழியாகவும் கேட்கிறோம், பதிவுக் கருவிக்கு அது கிடையாது.

குற்றாலச்சாரல்:
ஆண் என்றால் ஒன்றரைக் கட்டையில் முடங்க வேண்டும் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? எங்கள் செங்கோட்டை கிட்டப்பா உச்ச சுருதியில் பாடி நாடகக் கொட்டகையைக் கட்டிப் போடவில்லையா? கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நெல்லைச் சீமைத் தண்ணீர் அப்படி.

ஆற்றங்கரை:
கிட்டப்பா 1906இல் பிறந்து 1933இல் மறைந்தவர். சிறு வயதிலேயே மேடையேறி வளர்ந்த அபூர்வக் குரல் அது. ஒலிபெருக்கி வராத காலத்தில் நாடக நடிகருக்கு உயர்ந்த சுருதி தொழிலுக்கே தேவையாக இருந்தது. இந்தத் தம்பிக்குக் கொடையில் மைக் இருக்கும்.

வள்ளியூர் வாத்தியார்:
ஒரு திருத்தம். கிட்டப்பா காலத்தில் செங்கோட்டை நெல்லைச் சீமையே அல்ல, திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் பக்கம் வந்தது. வரலாறு தெரியாமல் தண்ணீர்ப் பெருமை பேச வேண்டாம்.

குற்றாலச்சாரல்:
ஆட்சி யாருடையதாக இருந்தால் என்ன வாத்தியாரே? பேசியது தமிழ், பெண் எடுத்ததும் கொடுத்ததும் தென்காசி, கடையநல்லூர். அப்படிப் பார்த்தால் 2019க்குப் பிறகு தென்காசியே நெல்லை மாவட்டம் இல்லை. எங்களை எங்கே தள்ளப் போகிறீர்கள்?

கருப்பட்டிக்காப்பி:
வில்லுப்பாட்டுக்காரர்களை மறந்துவிட்டீர்களே. விடிய விடியத் திறந்த தொண்டையில் பாடுகிறார்கள். அவர்கள் என்ன கட்டை பார்த்தா பாடுகிறார்கள்?

பாளை ஆல்ட்டோ:
பாதி நேரம் அவர்கள் கதை சொல்கிறார்கள் அண்ணாச்சி, பக்கப்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடும் இடத்தில் மூச்சும் கிடைக்கிறது. கொடைக்காலம் முடியும்போது அவர்களிலும் பலருக்குக் குரல் கம்மிப்போயிருக்கும். உடுக்கை, குடம், ஜால்ரா இத்தனைக்கும் மேலே கேட்க வேண்டுமே.

வள்ளியூர் வாத்தியார்:
தென்காசி 2019 நவம்பரில் பிரிந்தது நிர்வாக வசதிக்காக. சமஸ்தானம் என்பது தனி ஆட்சி. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

சந்திமுக்கு:
ஒன்றரைக் கட்டையில் வைத்தேன். மேல் ஸா நிற்கிறது. மூக்கை மூடினால் ‘ஆ’ மாறவில்லை, ‘ஈ’ மட்டும் கொஞ்சம் மாறுகிறது. கீழே பஞ்சமம் லேசாகக் கரகரக்கிறது. நன்றி.

பாளை ஆல்ட்டோ:
‘ஈ’யில் நாக்கின் நடுப்பகுதி எழுந்து வாயில் வழி குறுகும், அதனால் மெல்லிய ஒழுக்குகூட அங்கே எளிதில் தெரியும். உதட்டை அகல இழுக்காமல், ‘ஆ’வில் இருந்த உள்வாய் இடத்தை விட்டுவிடாமல் ‘ஈ’க்குப் போங்கள். அந்தக் கரகரப்பு காலையில் மட்டுமா, நாள் முழுவதுமா? பேசும்போதும் இருக்கிறதா? இதுவரை ஐந்து கட்டையில் கத்தியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். மூன்று வாரத்துக்குமேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பார், சிறிது நேர வேலைதான்.

குற்றாலச்சாரல்:
பிரித்தவர்களுக்கு வசதி, எங்களுக்கு என்ன வசதி?

ஆற்றங்கரை:
தம்பி, கொடையில் உடன் வாசிப்பவர் யார்? ஆர்மோனியம் என்றால் ஒன்றரைக் கட்டை என்று இப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மேடையேறினால் அவர் தம் கைப்பழக்கத்துக்கு மூன்றிலோ நான்கிலோ எடுத்துவிடுவார், இறக்கச் சொல்ல நேரம் இருக்காது.