இந்தோனேசியாவோட ஜாவா தீவும் நம்ம மலேசியத் தீபகற்பமும் ஒரே சைஸு, அங்க மட்டும் எப்படி இவ்ளோ ஜனம்?

கிராணி_மவன்:
வணக்கம் மக்களே. பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துல இருக்கேன். இங்க வேலை செய்யிற ஜாவாக்காரர் ஒருத்தரு, ஊர்ல அவங்க குடும்பத்துக்கு இருக்கறது ஒரு துண்டு வயல்தானாம், ஆனா வருசத்துக்கு ரெண்டு தடவ, தண்ணி இருந்தா மூனு தடவகூட நெல்லு அறுப்பாங்களாம். அதக் கேட்டு போன்ல தேடிப் பாத்தா ஜாவா, பக்கத்துல இருக்கற மதுரா தீவ சேத்து சுமார் 129,000 சதுர கிலோமீட்டர், நம்ம தீபகற்பம் 132,000. நம்மளுதுதான் பெருசு! ஆனா 2020 கணக்கெடுப்புல அங்க 151 மில்லியன் பேரு, நம்ம மலேசியா முழுக்க, சபா சரவாக் எல்லாம் சேத்தே 32 மில்லியன்தான். மழை அங்கயும் இருக்கு இங்கயும் இருக்கு, அப்பறம் ஏன் இப்படி?

ஜியோகிராபி_டீச்சர்:
எரிமலை தம்பி. ஜாவாவுக்குத் தெக்கால கடலுக்கு அடியில பூமியோட பாறைத் தட்டு ஒன்னு இன்னொரு தட்டுக்குக் கீழ போய்ட்டே இருக்கு, அதனாலதான் மெராப்பி, செமெருன்னு எரிமலைங்க வரிசையா நிக்குது. நம்ம அந்த வரிசைக்குப் பின்னாடி, சுண்டா தட்டுக்கு நடுவுல பாதுகாப்பா உக்காந்திருக்கோம், அதான் இங்க எரிமலையே இல்ல. அந்தச் சாம்பல் மக்குனா கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம்னு புதுசா சத்து வந்துக்கிட்டே இருக்கும். இங்க பழைய கருங்கல்லு மண்ணு, வருசம் பூரா பேய்ற மழையில சத்து கழுவிட்டுப் போய் இரும்பும் அலுமினியமும்தான் மிச்சம், செம்மண்ணா இருக்கே அதான். காடு பச்சையா இருக்குன்னு ஏமாந்துடாதீங்க, சத்து பூரா மரத்துலயும் உதிர்ந்த எலையிலயும்தான் இருக்கு, மரத்த வெட்டுனா அதோட சேந்து போச்சு. போர்னியோ தீவுல இந்தோனேசியா பக்கம் இருக்கற கலிமந்தான்லயும் இதே கததான், ஜாவாவவிட எத்தன மடங்கு பெரிய எடம், ஆனா ஜனம் கம்மி.

பால்மரம்_அண்ணன்:
டீச்சர் சொல்றது சரி, பாஜா (உரம்) போடாம செம்பனைய விட்டுப் பாருங்க, பழக்குலை எப்படி சிறுத்துடும்னு தோட்டத்துல இருக்கறவனுக்குத் தெரியும். பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் புளிச்ச மண்ண, அதான் அமில மண்ண, தாங்கும், அதான் வெள்ளக்காரன் இதக் கொண்டாந்து நட்டான். ஆனா ஒரு டவுட் டீச்சர், நம்ம பேராக் லெங்கோங்ல கோத்தா தம்பான்கிட்ட சுமத்ராவோட தோபா எரிமலை சாம்பல் கெடக்குதே, சுமார் 74,000 வருசத்துக்கு முன்னாடி வெடிச்சது. அப்ப நம்ம பேராக்கும் ஜாவா மாதிரி ஆயிருக்கணும்ல?

ஜியோகிராபி_டீச்சர்:
நல்ல கேள்விண்ணே. தோபா சாம்பல் சிலிக்கா ஜாஸ்தியான வகை, ஜாவா எரிமலை கக்குறதுல இருக்கற அளவு கால்சியம் மக்னீசியம் அதுல கெடையாது. அதோட அத்தன ஆயிரம் வருச மழை லேசா என்ன? அங்க அடிக்கடி விழுது, இங்க எப்பவோ ஒரு தடவ விழுந்ததோட சரி.

தாப்பா_ரோடு:
எல்லாத்தையும் மண்ணு தலையில போடாதீங்க லா. 1815ல, ஜாவாவ ஆண்ட வெள்ளக்கார அதிகாரி ராஃபிள்ஸ் கணக்கு எடுத்தப்ப ஜாவாவுல அஞ்சு மில்லியன்கூட இல்ல, மெராப்பி அப்பவும் இருந்துச்சுதான? அப்பறம் வாய்க்கா வெட்டி வயல பெருக்குனதுலதான் இந்தக் கூட்டம் வந்துச்சு. 1905லேர்ந்து டச்சுக்காரன் ஜாவா ஜனத்த சுமத்ராவுல இருக்கற லம்போங்குக்கு ஏத்தி அனுப்பிப் பாத்தான், சுதந்திரம் வந்தப்பறம் இந்தோனேசியாவும் அதையே பெருசா செஞ்சுச்சு, கலிமந்தான்ல போய் எறங்குனவங்க பலபேருக்கு அந்த மண்ணுல நெல்லு சரியா வரல. நம்ம பக்கம் நெல்லுன்னா கெடாவுல மூடாவும் பேராக்ல கிரியானும்தான், ரெண்டும் கடலோர வண்டல், மலைப்பக்கம் யாரு வயல் போட்டா? இந்த கருங்கல்லுலதான் ஈயம் கெடந்துச்சு, பேராக்ல கிந்தா பள்ளத்தாக்குல ஊரு ஊரா முளைச்சது அதனால.

கிராணி_மவன்:
நன்றி டீச்சர், அண்ணன்மாரே. அந்த ஜாவாக்காரர்கிட்ட சொன்னேன், சிரிச்சுட்டு, 2010ல மெராப்பி வெடிச்சப்ப அவரு சித்தப்பா வீடு சாம்பல்ல மூழ்கிடுச்சு, ஆனா அவரு திரும்பவும் அங்கயேதான் மொளகா போடறாருன்னு சொன்னாரு.