புதுப்பிப்பு: விருந்தாளிப் பூனை, கதவுக்கு மூன்றடியில்

முன் பதிவின் சுருக்கம்: பத்து நாளைக்கு வந்த பெண் பூனை கட்டிலடியை விட்டு வரவில்லை, வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள். தனியறை, மலஜலம் கழிக்கத் தனி மணல் தட்டு, மூடிய கதவு என்று தொடங்கியிருந்தது. இன்று ஆறாம் நாள்.

வேலை செய்தது பழைய காலுறைதான். ஒருவர் வாசனை மற்றவருக்குப் பழகட்டும் என்று அதை வந்தவளின் கன்னத்தில் தேய்த்து, வீட்டுப் பூனைகள் சாப்பிடும் இடத்துக்கு இரண்டடி தள்ளிப் போட்டாயிற்று. அவை படுத்த துண்டு இவளிடம் போனது. முதல் நாள் சீறல், மூன்றாம் நாள் அதன்மேலேயே தூக்கம். அதன்பிறகே கதவின் இருபுறமும் சாப்பாட்டுத் தட்டு: ஆறடியில் தொடங்கி நாளுக்கு ஓரடி நெருக்கம். தட்டில் சாப்பாடு மிஞ்சினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். முந்தைய தூரத்துக்கே திரும்புங்கள்.

ஒரு திருத்தம். மூன்று பூனைக்கு மூன்று மணல் தட்டு போதும் என்று எழுதியது தவறு. நான்கு வேண்டும், அதுவும் வெவ்வேறு இடத்தில். ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக் கணக்கில் அது ஒன்றுதான்!

சீறினால் விட்டுவிடுங்கள். அசையாமல் முறைத்து, காது பின்னால் படிந்தால் நடுவே அட்டையைச் செருகுங்கள், கையை அல்ல. 24 மணி நேரம் எதுவுமே தின்னாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். பட்டினியில் பூனையின் ஈரலில் கொழுப்பு சேரும், குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம்.

பத்து நாள் விருந்துக்கு நேருக்கு நேர் சந்திப்பு கட்டாயமே இல்லை. கதவிடுக்கில் மோப்பம் பிடித்துக்கொண்டால் போதும்.