மகளுக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சிப் பயிற்சி: அவர்கள் சம்பளம் கொடுப்பார்களா, நாம் காசு கட்டணுமா?

லோரி அப்பா, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். நான் செம்பனைக் குலை ஏத்தி ஆலைக்குக் கொண்டுபோற லோரி ஓட்டுறேன். மூத்த மகள் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்துல பயோமெடிக்கல் சயன்ஸ் இரண்டாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளி, எஸ்டிபிஎம் பரீட்சை, அப்புறம் பிடிபிடிஎன்னு அரசாங்கக் கல்விக் கடன், அப்படி வந்த பிள்ளை.

போன வாரம் வாட்சாப் குழுவுல ஒருத்தர் விளம்பரம் போட்டார். அமெரிக்காவுல எட்டு வாரம் மருத்துவ ஆராய்ச்சி, முடிஞ்சதும் சான்றிதழ். 6,500 மலேசிய வெள்ளி கட்டணும், பாதியை இந்த மாசக் கடைசிக்குள்ள கொடுத்தாத்தான் இடம் உறுதி. டிக்கெட் செலவு தனி. நான் கூட்டுறவுல கடன் கேட்கலாம்னு இருந்தேன். மகள் வேணாங்குது. “அப்பா, உண்மையான புரோகிராம்னா அவங்கதான் நமக்குக் காசு கொடுத்துக் கூப்பிடுவாங்க” அப்படீங்குது. படிக்கிற பிள்ளைக்கு எவன் சம்பளம் கொடுத்துச் சொல்லித்தருவான்னு எனக்குச் சந்தேகம்.

தமிழ்ல யூடியூப்ல தேடிப் பார்த்தா எல்லாம் இந்தியாவுல படிக்கிற பிள்ளைங்களுக்குத்தான் சொல்றாங்க. நம்ம மலேசியப் பிள்ளைங்களுக்கு என்ன வழின்னு யாரும் பேசக் காணோம்.

இன்னொண்ணு. லீவுல வீட்டுக்கு வந்தா மகள் இங்க பட்டணத்துல மினி மார்க்கெட்ல கல்லாவுல நிக்கும். அந்தக் காசுதான் அடுத்த செமஸ்டருக்கு அதோட கைச்செலவு. சும்மா ரெண்டு மாசம் எங்கேயாவது போனா அதுவும் இல்லாமப் போயிடும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கெரியான் பொண்ணு

அண்ணே, அந்த 6,500 வெள்ளியைக் கட்டாதீங்க. கடனும் கேட்காதீங்க. உங்க மகள் சொல்றதுதான் சரி.

நான் பாகான் செராய் பக்கம் தோட்டத்துல பிறந்தவ. அம்மா உரம் போடுற வேலை, அப்பா குலை வெட்டுறவர். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துல மூணாவது வருஷம் படிக்கும்போது ஜப்பான்ல ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்துக்கு, ஓயிஸ்ட்னு சொல்வாங்க, ஆராய்ச்சிப் பயிற்சிக்குப் போனேன். போக வர விமான டிக்கெட், தங்குற இடம், வேலை செய்யிற நாளுக்கு அலவன்ஸ், எல்லாம் அவங்க கொடுத்தது. எங்க வீட்டுல இருந்து ஒரு சென் கேட்கல. இப்ப நரம்புச் செல்கள்ல முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்றேன். அதனால இதுல எனக்குத் தெரிஞ்சதை முழுசா எழுதுறேன், நீளமா இருந்தாலும் பொறுமையாப் படிங்க.

எவன் சம்பளம் கொடுப்பான்னு கேட்டீங்க. ஆய்வகத்துல எட்டு வாரம், பத்து வாரம் ஒரு பிள்ளை நிக்கிறதும் வேலைதான். நாளைக்கு முனைவர் பட்டத்துக்கு யார் வருவாங்கன்னு எல்லாப் பெரிய ஆய்வகமும் தேடிக்கிட்டே இருக்கு, இந்தப் பயிற்சிதான் அவங்க ஆள் பார்க்கிற வழி. சம்பளம் இல்லாம வைச்சா வசதியான வீட்டுப் பிள்ளைங்க மட்டும்தான் வர முடியும், உங்க மகள் மாதிரி கல்லாவுல நிக்கிற பிள்ளை வராது. அது அவங்களுக்கும் தெரியும்.

ஆனா எல்லாக் கதவும் நமக்குத் திறக்காது. இதைத் தெரியாமத்தான் நிறைய பிள்ளைங்க மாசக்கணக்கா அலையுதுங்க. அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம், என்.ஐ.ஹெச்., அதோட கோடைப் பயிற்சி உலகத்துலயே பேர் போனது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையோட ஆர்.இ.யு.ன்னு ஒரு திட்டம் பல பல்கலைக்கழகங்கள்ல நடக்குது. ரெண்டும் அந்த நாட்டு வரிப்பணம். குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாதவங்களுக்குக் கிடையாது. ஜெர்மனியில ரைஸ் திட்டம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து பல்கலைக்கழக மாணவர்களுக்கு. யூடியூப்ல நீங்க பார்த்திருக்கக்கூடிய, விஞ்ஞானி ஹர் கோவிந்த் கொரானா பேர்ல இருக்கிற புரோகிராம், இந்திய அறிவியல் அகாதெமிகளோட கோடைக்கால ஃபெலோஷிப், அதெல்லாம் இந்தியாவுல படிக்கிறவங்களுக்கு. எதைத் திறந்தாலும் மகளை முதல்ல “யார் விண்ணப்பிக்கலாம்” பகுதிக்குப் போகச் சொல்லுங்க. அங்க மலேசிய மாணவிக்கு இடம் இல்லைன்னா அடுத்த வரியே படிக்க வேணாம்.

எந்த நாட்டுப் பிள்ளையும் போடலாம்னு இருக்கிறதைச் சொல்றேன். ஓயிஸ்ட் ஒண்ணு. வருஷத்துக்கு ரெண்டு தடவை விண்ணப்பம் எடுக்கிறாங்க, ரெண்டு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் போகலாம். சவுதியில ஜெட்டாவுக்கு வடக்கே துவால்ங்கிற ஊர்ல காஸ்ட் பல்கலைக்கழகம், செங்கடல் கரையில. மூணு முதல் ஆறு மாசம், மாசத்துக்கு 1,000 அமெரிக்க டாலர், தங்குமிடம், டிக்கெட், விசா எல்லாம் அவங்க பொறுப்பு. ஆனா சிஜிபிஏ, அதாவது மொத்த மதிப்பெண் சராசரி, 3.5 கேட்பாங்க, மூணாம் வருஷம் தொட்டிருக்கணும். ஆஸ்திரியாவுல ரெண்டு இருக்கு: வியன்னா பயோசென்டரோட கோடைப்பள்ளி, அப்புறம் இஸ்டா ஆராய்ச்சிக் கழகத்தோட பயிற்சி. சுவிட்சர்லாந்துல லோசான் ஊர்ல இ.பி.எஃப்.எல்., அங்க உயிரியல் துறைக்குத் தனியா ஒரு கோடைத் திட்டம். ஐரோப்பாவுல இருக்கிற இந்த மூணுக்கும் ஜனவரிக்குள்ள எல்லாத்தையும் தயார் பண்ணி வைச்சிருக்கணும். ஆம்ஜென் ஸ்காலர்ஸ்னு ஒண்ணு, தனியார் அறக்கட்டளைப் பணத்துல நடக்குது. அதோட அமெரிக்கப் பிரிவுக்கு அந்த நாட்டு ஆளா இருக்கணும், ஆசியப் பிரிவு தனி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அதுல இருக்கு. பஸ் ஏறினாப் போய்ச் சேர்ற தூரம், அதையும் மகளைப் பார்க்கச் சொல்லுங்க.

நம்ம பிள்ளைங்களுக்குப் பெரிய இடைஞ்சல் தேதிதான். அவங்க கோடை ஜூன்ல ஆரம்பிக்குது, நம்ம பல்கலைக்கழகத்துல அப்பப் பரீட்சை நடந்துக்கிட்டு இருக்கும். அதனாலதான் ஓயிஸ்ட், காஸ்ட் ரெண்டையும் முதல்ல சொன்னேன், நாமளே தேதி கேட்கலாம். எல்.ஐ.ன்னு சொல்ற தொழிற்பயிற்சி மகளோட படிப்புல இருந்தா, அந்தக் காலத்துக்கு இதையே ஏத்துக்குவாங்களான்னு துறையில எழுத்துல கேட்கச் சொல்லுங்க. ஒத்துக்கிட்டா பட்டப்படிப்பு ஒரு நாள்கூடத் தள்ளிப் போகாது.

இப்ப முக்கியமான விஷயம். இந்த இடங்களுக்கெல்லாம் விரிவுரையாளர் பரிந்துரைக் கடிதம் வேணும். “வகுப்புக்கு ஒழுங்கா வருவாள், ஏ வாங்கினாள்”னு எழுதுற கடிதம் எடுபடாது. “இவள் என் ஆய்வகத்துல வேலை செஞ்சதைப் பார்த்தேன்”னு ஒருத்தர் எழுதணும். அதுக்கு மகள் இப்பவே சொந்தப் பல்கலைக்கழகத்துல ஓர் ஆய்வகத்துக்குப் போய் நிக்கணும். முதுகலை படிக்கிற அக்கா அண்ணன்களுக்குக் கை ஆள் எப்பவும் தேவைப்படும், போய்க் கேட்டா வேணாம்னு சொல்றவங்க குறைவு.

நான் அப்படித்தான் போனேன். என்னை உடனே செல்லைத் தொட விடல. துளி அளவுத் தண்ணியை அளந்து உறிஞ்சி எடுக்கிற மைக்ரோபிப்பெட் ஒண்ணும் தராசும் கொடுத்து, நூறு மைக்ரோலிட்டர் தண்ணி எடுத்துத் தட்டுல விடச் சொன்னாங்க. எடை நூறு மில்லிகிராம் காட்டணும். முதல்ல தொண்ணூத்தி ரெண்டு, அடுத்து நூத்தி நாலு. கட்டைவிரலைப் பட்டுன்னு விட்டா உள்ள காத்து ஏறிடும், மெதுவா விடணும், முனை தண்ணிக்குள்ள கொஞ்சம்தான் இறங்கியிருக்கணும். சாயங்காலம் வரைக்கும் அதேதான். எண்கள் நூறை ஒட்டியே விழ ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் அந்த அக்கா கையுறையில எத்தனால் அடிச்சுக் காட்டி, 37 டிகிரிப் பெட்டியில இருந்த செல் தட்டை என்கிட்ட எடுத்துக் கொடுத்தாங்க. ஒகினாவாவுல நேர்காணல் எடுத்த பேராசிரியர் என் மதிப்பெண்ணைப் பத்திப் பேசவே இல்ல. கையால என்ன செஞ்சிருக்கேன்னுதான் கேட்டார். இதை வைச்சுத்தான் பதில் சொன்னேன்.

பழைய டிரஸர், கோலக்கங்சார்

தம்பி, அந்தப் பிள்ளை சொன்னதை அப்படியே கேளுங்க. நான் தோட்ட ஆஸ்பத்திரியில டிரஸரா, அதாவது மருத்துவ உதவியாளரா, இருந்து ஓய்வு பெற்றவன், வெளிநாட்டு விவரம் எனக்குக் கிடையாது. ஒரு விஷயம் மட்டும் சொல்லணும்.

இந்த நாட்டுல மருத்துவ ஆராய்ச்சியே தோட்டத்தையும் சுரங்கத்தையும் வைச்சு வளர்ந்தது. கோலாலம்பூர்ல மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900-ல வந்தது. 1901-ல கிள்ளான்ல மால்கம் வாட்சன்னு வெள்ளைக்கார டாக்டர் சதுப்பு நிலத்துத் தண்ணியை வடிச்சு மலேரியாவைக் குறைச்சுக் காட்டினார். அப்புறம் தோட்டம் தோட்டமாப் போனார். மேட்டு நிலத் தோட்டத்துல கொசு வேற ஜாதி, வெயில் படுற தெளிஞ்ச ஓடையில முட்டை விடும், அங்க கிள்ளான் முறை எடுபடலன்னு கண்டுபிடிச்சதும் அந்த வேலையிலதான். நம்ம லயத்துப் பிள்ளைங்களை வரிசையா நிறுத்தி, வயித்துல கை வைச்சு மண்ணீரல் வீங்கியிருக்கான்னு பார்த்துத்தான் எந்தத் தோட்டத்துல எவ்வளவு மலேரியான்னு கணக்கு எடுத்தாங்க. நூறு வருஷமா நம்ம உடம்பு ஆராய்ச்சிக்குப் போயிருக்கு. நம்ம பிள்ளை மைக்ரோஸ்கோப்புக்கு இந்தப் பக்கம் உட்காரணும்னு நான் ரொம்ப ஆசைப்படுறேன்.

நிப்பா வைரஸையும் பாருங்க. 1998-ல நம்ம கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணையிலதான் ஆரம்பிச்சது. கொசு பரப்புற ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னே நினைச்சு கொசு மருந்து அடிச்சாங்க. 1999-ல மலாயாப் பல்கலைக்கழகத்துல சுவா காவ் பிங்ங்கிற டாக்டர்தான் இது வேற கிருமின்னு பிரிச்சுக் காட்டினார். இந்த நாட்டுல படிச்சவர், இந்த நாட்டு ஆய்வகத்துல செஞ்ச வேலை.

உங்க மகள்கிட்டச் சொல்லுங்க: செம்பனைத் தோட்டத்துல எலி நிறைய. எலிக் காய்ச்சல் குலை வெட்டுறவங்களுக்கு வர்றதை நானே பார்த்திருக்கேன், முதல்ல டெங்கின்னு நினைச்சு நாள் போயிடும். அந்தப் பிள்ளைக்குக் கேள்வி தேடி வெளிய போக வேண்டியதில்ல.

லோரி அப்பா, சுங்கை சிப்புட்

தங்கச்சிக்கும் ஐயாவுக்கும் ரொம்ப நன்றி. ரெண்டையும் வீட்டுல சத்தமாப் படிச்சுக் காட்டினேன். மகளுக்கு போன்லயும் அனுப்பிட்டேன்.

வீட்டுக்காரி மூணு கேள்வி கேட்கிறா. பொம்பளைப் பிள்ளை தனியாப் போய் எங்க தங்கும்? டிக்கெட் காசை முதல்ல நாம போட்டுட்டு அப்புறம் வாங்கணுமா? மகளுக்கு சிஜிபிஏ 3.4 இருக்கு, அது பத்துமா?

கெரியான் பொண்ணு

அக்காகிட்டச் சொல்லுங்க, எங்க அம்மாவும் இதேதான் கேட்டாங்க. ஓயிஸ்ட், காஸ்ட் ரெண்டுலயும் வளாகத்துலயே வீடு இருக்கு. ஒகினாவாவுல என் கூட வெவ்வேற நாட்டுப் பொண்ணுங்க இருந்தாங்க, சமையலறை பொது. நான் இங்க இருந்து மசாலாத்தூள் கொண்டுபோயிருந்தேன், ஞாயித்துக்கிழமை குழம்பு வைச்சா எல்லாரும் தட்டோட வந்துடுவாங்க. மகள் போற இடத்துல தங்குமிடம் எங்கன்னு, இடம் கிடைச்சதுன்னு அவங்க அனுப்புற கடிதத்துலயே எழுதியிருக்கும். எழுதலைன்னா கேட்டு வாங்கணும்.

டிக்கெட் விஷயம் இடத்துக்கு இடம் மாறும். சில இடத்துல அவங்களே எடுத்து அனுப்புவாங்க, சில இடத்துல நாம வாங்கிட்டு ரசீது கொடுத்தா அப்புறம்தான் பணம் வரும். இடம் கிடைச்ச உடனே ஏத்துக்கிறேன்னு எழுதும்போதே “என் குடும்பத்தால முன்பணம் போட முடியாது, நீங்களே பதிவு செய்ய முடியுமா”ன்னு நேரா எழுதச் சொல்லுங்க. இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல, அவங்களுக்கு இது பழகின கேள்வி. முதல் அலவன்ஸ் போன உடனே கைக்கு வராது, முதல் சில வாரம் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் காசு கையில இருக்கணும். அதுக்கு அந்த மினி மார்க்கெட் சேமிப்பு போதும்.

3.4-க்கு காஸ்ட் இப்போதைக்கு முடியாது. மகள் இன்னும் இரண்டாம் வருஷம்தானே, ரெண்டு செமஸ்டர்ல 3.5 தொடலாம். மத்த இடங்களுக்கு இந்த மார்க்கோட தைரியமாப் போடலாம். அங்க கடிதமும் கட்டுரையும்தான் பேசும். கட்டுரையில “சின்ன வயசுல இருந்தே அறிவியல் ஆசை”ன்னு தொடங்க வேணாம். டிரஸர் ஐயா சொன்ன எலிக் காய்ச்சலை எடுத்துக்கட்டும்: டெங்கின்னு ஏன் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க, எந்தச் சோதனை எத்தனையாவது நாள்ல காட்டும், கிருமியை எதிர்க்க ரத்தத்துல எதிர்ப்புப்பொருள் (ஆன்டிபாடி) உருவாக நாள் ஆகுறதால, அதைத் தேடுற ரத்தச் சோதனை முதல் வாரத்துல ஏன் ஏமாத்தும். இதைப் பத்தி ரெண்டு ஆய்வுக் கட்டுரை படிச்சிட்டு, போக நினைக்கிற ஆய்வகம் கிருமிகள்ல என்ன செய்யுதுன்னு பார்த்து இணைச்சு எழுதட்டும். அப்பா அந்தத் தோட்டத்துலதான் லோரி ஓட்டுறார்னு ஒரு வரி போட்டாப் போதும்.

செப்டம்பர் முடியப்போகுது. அக்டோபர்ல ஆய்வகத்துல சேர்ந்தா ஜனவரிக்குள்ள கடிதம் எழுதுற அளவுக்கு ஒரு விரிவுரையாளர் அவளைப் பார்த்திருப்பார். கடிதத்துக்கு அவருக்கு ஒரு மாசமாவது நேரம் கொடுக்கணும், கடைசி வாரத்துல போய் நிக்கக்கூடாது. நீங்க இப்பச் செய்யவேண்டிய செலவு பாஸ்போர்ட் மட்டும்தான், 200 வெள்ளி, அஞ்சு வருஷத்துக்குச் செல்லும். அந்த விளம்பரக்காரர் மறுபடி கூப்பிட்டா எடுக்காதீங்க. மகளை இங்க எனக்கு எழுதச் சொல்லுங்க, கட்டுரையோட முதல் வடிவத்தை நான் படிச்சுத் திருத்தித் தரேன்.