கலைச்சொல் தேவை: சீன எழுத்தின் 'பீஷுன்'

கோலாலம்பூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சீனப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேரும் நம் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சீனத்தில் ஒவ்வோர் எழுத்தையும் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று ஒரு முறை உண்டு; அதைப் பீஷுன் என்கிறார்கள். பிள்ளை எழுதியது பார்வைக்குச் சரியாகவே இருக்கும், ஆசிரியர் தவறு என்பார், அம்மாவுக்குக் காரணம் புரியாது. 'கோட்டு வரிசை' என்று எழுதியிருக்கிறேன். சரிவருமா?

சிங்கப்பூரிலிருந்து:

கோடு வேண்டாம் அக்கா. வாயைக் குறிக்கும் எழுத்து வெறும் சதுரம். நம் கண்ணுக்கு நான்கு கோடு, சீனக் கணக்கில் மூன்றுதான். இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒன்று. மேலே குறுக்காகப் போய், கையை எடுக்காமல் அப்படியே வலப்பக்கம் கீழே இறங்குவது இரண்டாவது. அடியில் மூடுவது மூன்றாவது. தூரிகை தாளில் பட்டதிலிருந்து எடுக்கும் வரைக்கும் ஒன்று, நடுவில் வளைந்தாலும் மடங்கினாலும் சரி. அகராதியில் எழுத்தைத் தேடுவதும் இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். 'கோடு' என்று போட்டால் அம்மா நான்கு எண்ணுவார், பிள்ளை மூன்று எழுதும். 'இழுப்பு வரிசை' என்று வைக்கலாமே?

மதுரையிலிருந்து:

எங்கள் பக்கம் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு, இல்லாவிட்டால் வலிப்பு. பிள்ளைகள் புத்தகத்துக்கு ஆகாது. 'வரி' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. வரிப்புலி, வரிவண்டு என்று சங்கப் பாட்டிலேயே புழங்கியது. வரைதல், வரி, வரிசை மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம். அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன். 'வரிமுறை' என்றால் சொல்லுக்குள்ளேயே பொருள் நிற்கும். சீனத்தில் 'தியென்' என்று ஒரு சிறு குறி உண்டே, அதற்குப் 'புள்ளி' போதும். 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்று தொல்காப்பியர் எழுத்தின் வடிவத்துக்கே ஆண்ட சொல் அது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, வரி என்றால் இன்றைக்குச் சனத்துக்கு முதலில் நினைவில் வருவது வருமான வரி. பள்ளியிலோ, 'முதல் வரியை எழுது' என்றால் பிள்ளை ஒரு வாக்கியம் எழுதும். நாங்கள் படம் 'கீறுவோம்'. அந்தக் கீறிலிருந்து வரும் 'கீற்று' எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே? நெற்றியில் சந்தனக் கீற்று இடும்போது விரலை வைத்து இழுத்து எடுத்தால் ஒன்று. மறுபடி வைத்தால் இரண்டாவது. சிங்கப்பூர்த் தம்பி கேட்கும் பொருள் இதில் முழுதாக இருக்கிறது. என் வாக்கு 'கீற்று வரிசை'க்கு.

மதுரையிலிருந்து:

கீற்று என்றதும் இங்கே தென்னங்கீற்றுதான் கண்முன் வரும். அதோடு கீற்று நேராக, மெல்லியதாக இருப்பது. சதுரத்தின் இரண்டாவது, மூலையில் மடங்குகிறது என்று நீங்களே சொன்னீர்களே? எளிமை வேண்டும் என்பதற்காகச் சொல்லின் பொருளை நீட்டிக்கொண்டே போகக் கூடாது.

சிங்கப்பூரிலிருந்து:

'புள்ளி' பற்றி ஒன்று. தியெனை வெறுமனே குத்தி வைப்பதில்லை. தூரிகையை ஊன்றிச் சற்றே கீழ்நோக்கி இழுத்து எடுப்பார்கள். 'துளி' பொருந்தும்.

அப்புறம், 'முறை' என்றதும் எல்லா ஊரிலும் ஒன்றே என்று பெற்றோர் நம்பிவிடக் கூடாது. அரசன் என்று பொருள்படும் எழுத்து மூன்று கிடை (படுக்கைக் கோடு), ஒரு நெடு (மேலிருந்து கீழே இறங்கும் கோடு). சீனாவில் இரண்டு கிடை போட்டு, நெடுவை இறக்கி, அடிக்கிடையால் முடிப்பார்கள். ஜப்பானில் முதல் கிடை முடிந்ததுமே நெடு இறங்கிவிடும். ஜப்பானியக் கல்வி அமைச்சு 1958-இல் 881 எழுத்துகளுக்கு வழிகாட்டி வெளியிட்டது. சீனாவில் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த நெறி 8105 எழுத்துகளுக்கானது. இணையத்தில் ஜப்பானியக் காணொளியைப் பார்த்துப் பழகிய பிள்ளை பள்ளியில் திருத்தம் வாங்கும். கையேட்டில் இதை அவசியம் சேருங்கள். 'வரிசை' என்பதே போதும்; 'முறை', 'ஒழுங்கு' எல்லாம் சட்டம் போல ஒலிக்கின்றன.

கோலாலம்பூரிலிருந்து:

நன்றி. நாளை அச்சு. நான்கு பேர் 'கீற்று வரிசை' போதும் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள், அதையே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் பீஷுன் என்பதும் பக்கத்தில் இருக்கும், ஆசிரியர் வாயிலிருந்து பிள்ளை கேட்பது அதுதானே. கீற்று வகைகளுக்குப் பெயராகக் கிடை, நெடு, துளி, கொக்கி (முனையில் வளைவது) ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், கிடைக்குப் பின் நெடு என்ற விதிகளோடு, நாடு என்று பொருள்படும், சதுரத்துக்குள் இன்னோர் எழுத்து அடங்கிய எழுத்துக்கு ஆசிரியர்கள் சொல்லும் 'உள்ளே போய்விட்டுக் கதவைச் சாத்து' என்பதையும் சேர்த்தேன். சுற்றுச்சுவரின் அடிக்கீற்று கடைசியில்தான் வரும் என்பதைப் பிள்ளைகள் அதை வைத்தே பிடித்துக்கொள்கிறார்கள்.

மதுரையிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும், தடையில்லை. ஆனால் குழுவின் சொற்பட்டியலில் 'வரிமுறை'யும் பதிவாக வேண்டும். மடங்கும் கீற்றுக்கு என்ன பெயர் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. 'மடக்கு' என்றால் யாப்பில் வேறு பொருள் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

'ஒடிகீற்று'?