காசாண்ட்ரா டேட்டாபேஸ்: கரண்ட் போய் வந்தா கடைசி எடைப் பதிவுங்க காணோம், அவசரம்

எடைமேடை_சித்தூர்: மாங்கா சீசன், தோத்தாபுரி மாங்கா லோடு வரிசையில நிக்குது. நேத்து சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும் கடைசியா போட்ட சில எடை டேட்டாபேஸ்ல இல்ல. சீட்டு பிரிண்ட் ஆகி விவசாயி கையில இருக்கு, ஆப் லாக்ல ரைட் ஓகேன்னும் இருக்கு. மூணு மெஷின்ல மூணு காப்பி வெச்சும் எப்படிங்க போகும்?

பாலாறு: எந்த வெர்ஷன், எழுதறப்ப ஒரு நோடு (காப்பி வெச்சிருக்கற மெஷின்) ஓகே சொன்னா போதுமா, இல்ல கோரமா (பாதிக்கு மேல சொல்லணுமா), நோடெல்லாம் எங்க இருக்கு?

குப்பம்காரன்: டைம் பாருங்க ப்ரோ. நோடுங்க கடிகாரம் ஒத்து ஓடலைன்னா பழைய ரைட் புதுசை அமுக்கிடும், நான் பார்த்த கேஸ்ல பாதி இதுதான்.

எடைமேடை_சித்தூர்: கடிகாரம் சரியா இருக்கு. 4.1, கோரம். மூணும் ஒரே ரூம், ஒரே யூபிஎஸ். அது கைவிட்டுடுச்சு.

பழைய_டிபிஏ: இதை முதல் வரியிலயே சொல்லணும் தம்பி, டாக்குமெண்டேஷனை ஒரு தடவையாவது படிங்க. ரைட் வந்தா கமிட் லாக்லயும் (வர்ற ரைட்டை வரிசையா எழுதி வெக்கற ஃபைல்) ரேம்ல இருக்கற மெம்டேபிள்லயும் விழும், மெம்டேபிள் நிறைஞ்சா எஸ்எஸ்டேபிள்ங்கற ஃபைலா டிஸ்குக்கு இறங்கும். கரண்ட் போனா மெம்டேபிள் காலி, கமிட் லாக்கை ரீப்ளே பண்ணிதான் மீட்கும். ஆனா டீஃபால்ட் பீரியாடிக் மோடு, 10000 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் எஃப்சிங்க் (கமிட் லாக்கை நிஜமா டிஸ்க்ல இறக்கறது), ஓகே மட்டும் அதுக்கு முன்னாடியே போயிடும். ஜாவா ப்ராசஸ் மட்டும் செத்திருந்தா ஓஎஸ் ரேம்ல வெச்சிருக்கற பேஜ் கேஷ்ல இருந்து தப்பிச்சிருக்கும், மெஷினே அணைஞ்சா அதுவும் இல்ல. கோரம்னா ரெண்டு நோடு வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம், டிஸ்க்ல இறங்கிச்சுன்னு இல்ல.

குப்பம்காரன்: ஒரு எடைமேடைக்கு காசாண்ட்ரா எதுக்குங்க? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டீஃபால்ட்டாவே வால் (கமிட் லாக் மாதிரி அதோட லாக்) டிஸ்குக்கு போன அப்புறம்தான் கமிட் ஓகே சொல்லும்.

பாலாறு: ஒரு மெஷின் படுத்தா லாரி வரிசை ரோடு வரைக்கும் நிக்கும், அப்ப யார் பதில் சொல்றது?

குப்பம்காரன்: ஸ்டாண்ட்பை, அதாவது தயாரா நிக்கற இன்னொரு மெஷின், ஒன்னு போட்டா முடிஞ்சுது.

பாலாறு: ஸ்டாண்ட்பைக்கு மாத்தறது யாரு, ராத்திரி ஷிஃப்ட்ல எடை போடற பையனா? அதை விடுங்க. சித்தூர் அண்ணா, சாதா எஸ்எஸ்டியான்னும் பாருங்க. கரண்ட் போனா தாங்கற கெபாசிட்டர் இல்லாத சிலது எஃப்சிங்க் முடிஞ்சதுன்னு சொல்லிட்டு தன் கேஷ்லயே வெச்சிருக்கும்.

எடைமேடை_சித்தூர்: பீரியாடிக் 10000தான் இருந்துச்சு. எஃப்சிங்க் முடிஞ்சாதான் ஓகே சொல்ற பேட்ச் மோடுக்கு மாத்தி ஒவ்வொரு நோடா ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. ஒரு நோடை ஆபீஸ் ரூம்ல தனி யூபிஎஸ்க்கு மாத்தறோம். விட்டுப்போன எடையை விவசாயிங்க சீட்டைப் பார்த்து ஏத்தறோம். லாரி நிக்குது, வரேன்.

பழைய_டிபிஏ: ஒன்னை மட்டும் மாத்தினா பழைய ரூம்ல இருக்கற ரெண்டுமே சேர்ந்து கோரம் ஆயிடும், மூணாவதுக்கு போகாமலே ஓகே வரலாம். மூணுக்கும் தனித்தனி யூபிஎஸ் போடுங்க. எஸ்எஸ்டி என்ன மாடல்னு இன்னும் சொல்லல.