சுடுமண் பாவைகளிலிருந்து அக்காலச் சமூகத்தை எந்த அளவுக்கு அறியலாம்?

கேள்வி:
ஹரப்பா, மொகஞ்சதாரோ அகழாய்வுகளில் கிடைத்த சுடுமண் பெண்ணுருவங்களைப் பல நூல்கள் ‘தாய்த் தெய்வம்’ என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. அவை கையால் பிடித்து, கண்களுக்கு மண் உருண்டைகளை ஒட்டிச் செய்யப்பட்டவை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பிற்பட்ட, வங்காளத்துச் சந்திரகேதுகர் பெண்ணுருவங்களிலோ கொண்டை ஊசி முதல் மேகலை மணிகள் வரை யாவும் நுணுக்கமாகத் தெரிகின்றன. இம்மாற்றத்துக்குக் கலைஞரின் திறன் மட்டும்தான் காரணமா, சமூகமும் மாறியிருந்ததா?

மறுமொழி 1:
திறனைவிட அச்சின் வருகையே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன். மௌரியர் காலத்தைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் வடமதுரை (உத்தரப் பிரதேசத்து மதுரா) உருவங்கள் பலவற்றில் உடல் கையால் பிடிக்கப்பட்டிருக்க, முகம் மட்டும் அச்சில் எடுக்கப்பட்டிருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் முழு உருவத்தையும் ஒரே அச்சில் எடுக்கும் வழக்கம் பரவிவிட்டது. அச்சை ஒருமுறை பொறுமையாகச் செய்துவிட்டால், ஈரக் களிமண்ணை அதில் அழுத்தி அதே பாவையை மீண்டும் மீண்டும் எடுக்கலாம். இவ்வாறு அச்சில் எடுத்த தட்டையான மண் பலகைகளின் முன்புறம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் பின்புறம் வெறுமையாகவே இருக்கும். மண்ணை அழுத்தியவரின் விரல் தடங்களைக்கூடச் சிலவற்றில் காணலாம். ஒரே பாவைக்குப் பல படிகள் தேவைப்பட்டன என்றால், அவற்றை வாங்கும் நகரமக்களும் இருந்தனர் என்பதே பொருள். கங்கைச் சமவெளியில் கௌசாம்பி போன்ற நகரங்கள் செழித்திருந்த காலமும் அதுவே.

மறுமொழி 2:
‘தாய்த் தெய்வம்’ என்னும் முடிவை நானும் ஐயத்துடனேயே பார்க்கிறேன். ஹரப்பா உருவங்களில் பல, கோயில் என்று சொல்லத்தக்க இடங்களில் அல்லாமல், உடைந்த நிலையில் குப்பை மண்ணோடு கலந்து கிடைத்தவை. விசிறி போன்ற தலையணியின் இருபுறமும் கிண்ணம் அமைந்த சில பாவைகளில் கரி படிந்திருப்பதால், அவற்றில் விளக்கோ நறும்புகையோ ஏற்றியிருக்கலாம் என்பர். அது வீட்டுச் சடங்கைக் காட்டக்கூடும். ஆனால் அதிலிருந்து நேரே பெண்வழிச் சமூகம் இருந்தது என்று முடிவுகட்டுவது பெரும் தாவல். சந்திரகேதுகர் அணிகலன்களைப் பார்த்து, அக்காலப் பெண்கள் அனைவரும் அவ்வாறே அணிந்தனர் என்று எழுதுவதும் அதே போன்ற பிழைதான். அங்கே கிடைத்தவற்றில் பல முறையான அகழாய்வில் எடுக்கப்படாதவை. எந்த மண்ணடுக்கில், எந்த வீட்டில், எதனோடு கிடந்தன என்ற செய்தியே இல்லாதபோது, பாவை நமக்குச் சொல்லியிருக்கக்கூடியதில் பாதி போய்விடுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

மறுமொழி 3:
பெண்ணுருவங்களோடு நின்றுவிடாமல் கதைக்காட்சிப் பலகைகளையும் பாருங்கள். கௌசாம்பியில் கிடைத்த ஒன்றில் வத்ச நாட்டு அரசன் உதயணனும் அவந்தி இளவரசி வாசவதத்தையும் யானைமீது தப்பிச் செல்கின்றனர். பின்னால் அமர்ந்திருப்பவன் பையிலிருந்து காசுகளைக் கொட்ட, துரத்தி வந்தவர்கள் அவற்றைப் பொறுக்குகின்றனர். அரண்மனைக் கதையொன்று, கல்லிலும் பொன்னிலும் செய்து வாங்க இயலாதவர் வீட்டுக்கும் மண் பலகையாகச் சென்றிருக்கிறது. தமிழகத்தில் கீழடியை எடுத்துக்கொண்டால், பாவைகளைவிடச் சுடுமண் தக்களி, வட்டச்சில்லு, பகடை, சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறு ஆகியவையே அங்கு வாழ்ந்தவர்களின் அன்றாடத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. தக்களியைக் கொண்டு நூல் நூற்றதை உறுதியாகச் சொல்லலாம். பாவையைக் கொண்டு வழிபாட்டை அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது.