டப் ஃபை டப் சுற்றுக்கு எத்தனை பாட்டு, எந்த வரிசை?

லயன்சிட்டி_ரிதிம்:
சமூக மன்ற அரங்கில் ரெண்டு செட் மோதும் சின்ன சவுண்ட் கிளாஷ், அதாவது ஜமைக்கா பாணி ரெகே பாட்டு போட்டி. முதல் சுற்று ஆளுக்கு 20 நிமிஷம், கடைசியில் டப் ஃபை டப் (மாத்தி மாத்தி ஒவ்வொரு பாட்டா போடுறது), ஆளுக்கு 10 பாட்டு. எத்தனை தயாரா வைக்கணும்? எந்த வரிசையில்? இன்னொண்ணு, பாஸை ஏத்தினா மைக் ஊளையிடுது.

தேக்கா_செலக்டர்:
வரிசை போட்டுக்கிட்டு போகாதீங்க தம்பி. எதிராளி ஒண்ணு போட, நீங்க பதிலுக்கு ஒண்ணு போடணும். எதுக்குப் பதில் என்பதைத்தான் கூட்டம் கவனிக்கும். 10 பாட்டுக்கு 25 ஆவது கையில இருக்கட்டும். பாடகர், ரிதிம் (பல பாட்டுக்கும் பொதுவா வர்ற பின்னணி இசை), விஷயம்னு மூணு வழியிலயும் சட்டுனு தேடி எடுக்கிற மாதிரி அடுக்குங்க. எதிராளி போட்ட அதே ரிதிமில் இன்னும் காரமான வரி விழுந்தா அரங்கம் உங்க பக்கம்.

அன்னிக்கு ஏற்கெனவே ஒலிச்ச பாட்டை, யார் போட்டதா இருந்தாலும், திரும்பப் போட்டா பெரும்பாலும் சுற்றே போயிடும். இந்த விதியை முன்னாடியே பேசிக்குங்க. ஓடினதைத் தாளில் குறிக்கத் தனியா ஒரு ஆள் வேணும்.

முழுப் பாட்டும் ஓட வேண்டாம். அடி விழுற வரிக்கு 8 பார் (தாளச் சுற்று) முன்னாடி கியூ, அதாவது பாட்டைத் தொடங்குற இடக் குறி வைங்க. கூட்டம் கத்தினா நிறுத்தி முதல்லேருந்து விடுங்க. அதையே மூணாவது தடவை இழுத்தா சூடு இறங்கிடும்.

டப்பிளேட்_பிரியன்:
கடையில் கிடைக்கிற பாட்டை மட்டும் நம்பி கடைசிச் சுற்றுக்குப் போகாதீங்க. உங்க சவுண்ட் பேரைச் சேர்த்துப் பாடகர் திரும்பப் பாடித் தர்ற ஸ்பெஷல் நாலாவது வேணும். பேரை எப்படி உச்சரிக்கணும்னு குரல் பதிவாவே அனுப்புங்க. பேர் தப்பா விழுந்தா அந்தக் காசு வீண். 1999ல் நியூயார்க் வேர்ல்டு கிளாஷில் ஜப்பான் யோகோஹாமாவின் மைட்டி கிரவுன் செட் ஜெயிச்சது, அதனால ஜமைக்காக்காரங்களுக்கு மட்டும்தான்னு தயங்க வேண்டாம்.

ஸ்பெஷலை அசிடேட் தட்டா (பூச்சுள்ள இசைத்தட்டு) வெட்ட ஆசைன்னா வெட்டிக்குங்க, ஆனா அது மெத்து. ஓட ஓட ஊசி அரைச்சு ஹை (கீச்சு) சத்தம் முதல்ல போகும். யுஎஸ்பி ரெண்டு வைங்க, ஃபேட்32ல ஃபார்மட் பண்ணி. பழைய பிளேயர் பலதும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது.

ஸ்கூப்பின்:
மைக்கை ஸ்பீக்கர் அடுக்குக்குப் பின்னால கொண்டு போங்க, மைக் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்க. பாதி ஊளை அதோட நிக்கும். பழைய 7 இன்ச் தட்டும் புது ஸ்பெஷலும் ஒரே சத்தத்தில் இருக்காது, கெயினை (உள்ளே வர்ற சத்த அளவை) முன்னாடியே சரி பண்ணலைன்னா நல்ல பாட்டும் சோப்ளாங்கியா கேக்கும்.

நம்ம சிங்கப்பூர் 13 ஆம்ப் சாக்கெட் 230 வோல்ட்ல சுமார் 3,000 வாட்தான் தாங்கும். ரெண்டு செட்டையும் ஒரே சுவரில் குத்தாதீங்க, தனித்தனி சர்க்யூட்டான்னு மன்றத்தில் கேளுங்க. ரீல் ஒயரை முழுசா அவிழ்த்து விடுங்க. சுருட்டி வெச்சே லோடு ஏத்தினா சூடாகி உருகும்.